பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

எங்கள் ஊர் கோம்பை. வெளியூர்க்காரர்களிடம் பெயரைச் சொன்னால் உடனே நாயைப் பற்றித்தான் கேட்பார்கள். கோம்பை நாய்க்கு அத்தனை பேர். எண்பதுகளின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் நாயை விட்டுவிட்டு என்னைப் பற்றிக் கேட்டார்கள். "அப்பன் உசுரோட இருக்கையிலயே ஒப்பாரி வச்ச புள்ள உங்க ஊருதானய்யா?" என்று. ஆமாம், அந்தப் புள்ள நான்தான். ஒப்பாரி வைத்தேன். அதைக் கேஸட்டிலும் போட்டு விற்றோம். இன்றைக்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு மேலும் நோண்டுகிறவர்களுக்குக் கொடுக்க வேறு பதிலும் கைவசம் இருக்கிறது.

குழுவை ஆரம்பித்தது என் அண்ணன். மதுரைக்குப் படிக்கப் போனவன் பட்டம் வாங்காமல் ஒரு கிட்டாரை வாங்கிக்கொண்டு திரும்பினான். தேனி கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன் அவனுக்குக் கூட்டாளி. அவனை எங்கள் வீட்டில் 'கடைக்காரன்' என்றே சொல்வோம். சர்ச்சில் வாசித்துப் பழகிய கை அவனுடையது. பேஸ் கிட்டார் அவன் பங்கு. கல்யாணங்களுக்கு பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த ஒருவரையும் பிடித்துக்கொண்டார்கள். நடவுப் பாட்டையும் கும்மியையும் எடுத்து, கரண்டு கிட்டாரும் டிரம்மும் சேர்த்து, ஊரே ஆடுகிற மாதிரி ஒரு கேஸட் போட வேண்டும் என்று மூன்று பேருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது.

பாட்டு மூன்று பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்று நடும்போதும் முளைப்பாரி எடுக்கும்போதும் பாடியே வளர்ந்தவள் நான். என்னை அண்ணன் கூப்பிட்டது பாசத்தால் அல்ல. வேறு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அவன் போடுகிற சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அய்யாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், அம்மாதான் பக்குவமாகக் கேட்டாள். அய்யாவுக்குத் தென்னந்தோப்பு, கிணறு, மாடு, இவற்றைத் தவிர உலகம் கிடையாது. "நடவுல பாடுறதுதான? பெட்டிக்குள்ள பாடிட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பாட்டுப் பதிவு செய்தது போடியில், கடைக்காரனின் மாமா ஏலக்காய் மூட்டை போட்டுவைக்கிற கிட்டங்கியில். நாலு பக்கமும் மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் கடைக்காரன்தான். எதிரொலி வரவில்லை, உண்மைதான். ஆனால் அந்த நெடியில் ஒரு பாட்டு பாடுவதற்குள் தொண்டை பொரிந்துபோனது. மதுரையிலிருந்து டேப் மெஷினோடு வந்திருந்த ரெக்கார்டிஸ்ட் எங்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. திரீ பேஸ் கரண்ட் வந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் கிட்டங்கி விளக்கு மங்கும், டேப் இழுத்துக்கொண்டு ஓடும். "ஊர்ல தண்ணி பாய்ச்சி முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நாங்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, யார் தாளம் தப்பியது என்று சண்டை போடுவோம். அண்ணன் டிரம்காரரைச் சொல்வான், டிரம்காரர் என்னைச் சொல்வார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், இங்கே ஆடத் தெரிந்தவளுக்குக் கூட்டமே கோணலாக வாய்த்திருந்தது.

ஒரு வழியாக எல்லாப் பாட்டும் முடிந்தன. மெஷினைக் கட்டிவைக்கப் போன ரெக்கார்டிஸ்ட், பி பக்கத்தில் இன்னும் ஒரு பாட்டுக்கு இடம் இருக்கிறது, காலியாக விட்டால் வாங்குகிறவன் திட்டுவான் என்றார். எங்களிடம் வேறு பாட்டு தயாராக இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ஒப்பாரி ஒண்ணு பாடு. கிட்டார் மெதுவா வாசிக்கிறேன். நல்லா வரும்."

"எழவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக் கூடாதுண்ணே."

"இது வீடா? கிட்டங்கிதான?"

எங்கள் அண்ணன் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். கடைக்காரன் வீட்டில் துக்கத்துக்குக் கீர்த்தனைதான் பாடுவார்கள். "பாட்டுதானே, பாடு தங்கச்சி" என்றான். டிரம்காரர் மட்டும் குச்சிகளைப் பைக்குள் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரியும்.

சரி, யாருக்குப் பாடுவது? ஒப்பாரி என்றால் யாரையாவது கூப்பிட்டு அழ வேண்டும். புருஷனுக்குப் பாடலாம் என்றால் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணனுக்குப் பாடட்டுமா என்றேன். "என்னய வச்சுப் பாடின, நடக்கிறதே வேற!" என்று துள்ளினான். கிட்டங்கி வேறு, வீடு வேறு என்று சட்டம் பேசியவனுக்குத் தன் தலை என்றதும் பயம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் பாட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில் மிச்சம் நின்றவர் அய்யா. அவர் அங்கே இல்லை, மறுத்துப் பேச. எனவே அய்யாவுக்கே பாடினேன்.

போடிச் சந்தை போயி
பூப்போட்ட சேலையெடுத்து
வாசல் வருமுன்னே
வாடாத்தான்னு கூப்பிடுவியே
என்னப் பெத்த அய்யா, நீ
எந்தச் சந்தை போனியோ.

இப்படியே நீளும். வரிகள் துக்க வீடுகளில் கேட்டவற்றை வைத்து நானே கட்டியவை. ஒப்பாரியில் எந்த அப்பனும் கஞ்சன் கிடையாது. அரைஞாண் கயிறு வாங்கித் தராதவனும் செத்துவிட்டால் அரண்மனை கட்டித் தந்தவனாகிவிடுவான். எங்கள் அய்யா போடிச் சந்தையில் எனக்குச் சேலை எடுத்ததே இல்லை. எங்கள் துணிமணி எல்லாம் அம்மாவும் நானும் எடுத்ததுதான். 'வாடாத்தா' என்றும் கூப்பிட்டதில்லை. 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார், அதுவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்ல. பாடும்போது இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. பாடி முடித்ததும் ரெக்கார்டிஸ்ட் முதல் முறையாக என்னைப் பார்த்து, "இது நல்லாருக்கும்மா" என்றார். நல்லாத்தான் இருந்தது. அந்தக் கேஸட்டில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அட்டைப் படத்துக்கு லோயர் கேம்ப் போனோம். மலையிலிருந்து கரண்டு எடுக்கத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்களுக்கு முன்னால் மூன்று ஆண்களும் முறைத்துக்கொண்டு நிற்கிற படம். நான் படத்தில் இல்லை. கல்யாணம் ஆகாத பெண், அட்டையில் முகம் வந்தால் நன்றாக இருக்காது என்று அண்ணன் தள்ளி நிற்கச் சொன்னான். பேரும் போடவில்லை. குரல் மட்டும் வேண்டியிருந்தது. அவர்கள் முறைப்பதற்காக அன்று மூன்று பேருக்கும் நான்தான் தலை சீவிவிட்டேன்.

கேஸட் வெளியே வந்தது. சும்மா சொல்லக் கூடாது, எல்லோருக்கும் பாரபட்சம் இல்லாமல் பிடிக்கவில்லை. கும்மிப் பாட்டை கிட்டார் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் ஏசினார்கள். கிட்டார் இருந்தும் பட்டிக்காட்டுக் கும்மிதானா என்று கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். சர்ச்சில் வாசிக்கிற கை முளைப்பாரிப் பாட்டுக்கு வாசிக்கலாமா என்று கடைக்காரன் வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. மதுரையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தோம். அதில் ஒரு சின்ன மூலையில், கிராமத்தையும் நகரத்தையும் ஒரே நேரத்தில் அவமானப்படுத்திய முயற்சி என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "முயற்சின்னு ஒத்துக்கிட்டாக பாரு" என்றான்.

எல்லாவற்றையும்விட மோசம் பேருந்தில் நடந்தது. கம்பத்திலிருந்து தேனிக்கு ஓடிய ஒரு தனியார் பேருந்தில் டேப் வைத்திருந்தார்கள். டிரைவர் அண்ணனுக்குத் தெரிந்தவர், பெருந்தன்மையாக எங்கள் கேஸட்டைப் போட்டார். அன்றைக்குப் பார்த்து பரிசம் போடப் போகிற கூட்டம் ஒன்று பழத்தட்டும் பூவும் சேலையுமாக ஏறியிருந்தது. நடவுப் பாட்டுக்கு அவர்களில் சிலர் தலையாட்டினார்களாம். சின்னமனூர் நெருங்கும்போது பி பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்துவிட்டது. என்னப் பெத்த அய்யா என்று நான் இழுத்ததும் கூட்டத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நிப்பாட்டுய்யா வண்டிய!" என்று கத்தியிருக்கிறாள். மொத்தக் கூட்டமும் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப் பேருந்து பிடித்து ஊருக்கே திரும்பிவிட்டது. டிரைவர் கேஸட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வயலில் எறிந்தார். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. பாடினது யார் என்று அட்டையில் இல்லாததைக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வாயாலேயே அச்சடித்துவிட்டார்கள்.

கேஸட்டை ஒரே ஒரு கூட்டம்தான் தேடி வாங்கியது. மைக் செட்காரர்கள். துக்க வீட்டில் பெண்கள் அழுது ஓய்ந்துவிட்டால் ஒலிபெருக்கிக் குழாயில் போட அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. எங்கள் பாட்டு அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்ற பாட்டையெல்லாம் ஓட்டித் தள்ளிவிட்டுக் கடைசிப் பாட்டை மட்டும் போடுவார்கள். உலகத்தை ஆடவைக்கக் கிளம்பிய குழு, எழவு வீடுகளுக்கு அழ வந்தது. அண்ணன் கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டுத் தேனியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்தான். பிறகு அவன் பாட்டைப் பற்றிப் பேசியதில்லை. எல்லா ஏச்சையும் எனக்கு விட்டுவிட்டுப் போனான்.

அய்யா இதையெல்லாம் காதில் வாங்காமல்தான் இருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்த அன்றுதான் கேட்டார். துக்கம் விசாரிக்கப் போய் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அவர் மகள் அவருக்கு அழுகிறாள். பந்தல் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒருவர், "போடிச் சந்தையில சேலையெல்லாம் எடுத்துக் குடுத்தீராமே, எங்களுக்குத் தெரியாமப் போச்சே!" என்று கேட்டிருக்கிறார். எழவு வீட்டில் சிரிப்பு.

வாய்க்காலில் தலை முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னார்.

"அந்தப் புள்ளய ஊத்த வேண்டாமுன்னு சொல்லு. அதான் எனக்கு எழவு பாடி முடிச்சிருச்சுல்ல. செத்தவன் அது கையால திங்க மாட்டான்."

"அது சும்மா பாட்டுய்யா" என்றேன்.

"செத்தவன்ட்ட பேசாதன்னு சொல்லு."

அன்றோடு சரி. அய்யா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். ஒரு நாள், இரண்டு நாள் என்று நினைத்தேன். மனிதர் உறுதியாகச் செத்துப்போயிருந்தார். காய்ச்சலில் நான் படுத்துக் கிடந்தபோதும், "அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று அம்மாவிடம்தான் கேட்டார், நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. நானும் அவருக்குப் பிறந்தவள்தானே. நானும் பேசுவதை விட்டேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு ஊமைகள், நடுவில் தபால்காரியாக அம்மா.

ஆண்டிபட்டியில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போட்ட ஒரே நிபந்தனை, பெண் இனிமேல் பாடக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த மைக் செட்காரர் எழவு வீடுகளுக்குப் போகிற அதே ஆள். தப்பித் தவறி அந்தக் கேஸட்டைப் போட்டுவிடுவாரோ என்று அண்ணன் மெஷின் பக்கத்திலேயே நின்று காவல் காத்தான். அய்யா எல்லாச் சடங்கையும் முறையாகச் செய்தார். வாயை மட்டும் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊருக்குப் பேருந்து பிடிக்க மாட்டு வண்டி ஏறும்போதாவது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாட்டுக் கயிற்றைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துகொண்டார். அந்த வண்டியில் உட்கார்ந்து நான் அழுதது பிறந்த வீட்டை விட்டுப் போவதற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. ஆத்திரத்தில் அழுதேன்.

பண்டிகைக்கு வருவேன். பணியாரத்தைத் தட்டில் வைத்து அவர் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன்: "செத்தவுகளுக்குப் படையல் வச்சிருக்கேன். எடுத்துக்கிருவாகளா, காக்காய்க்கு வைக்கணுமானு கேளு." அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அய்யா ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடுவார். கல்யாணத்துக்குப் பின் என் கையால் சாப்பிட்டார், அது மட்டும்தான் மாறியது. என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோப்பெல்லாம் சுற்றுவார், அவர்களோடு ஓயாமல் பேசுவார். "உங்காத்தாட்ட தண்ணி கேளு" என்று என் மகனிடம் சொல்வார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பேன்.

பல வருடங்கள் இப்படியே ஓடின. எண்பதுகளின் கடைசியில் அய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடுவதே பாடாகிப் படுத்துவிட்டார். நான் ஆண்டிபட்டியிலிருந்து வந்து தங்கினேன். ஒரு மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். கஞ்சியைக் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. கஞ்சியைத் தரையில் வைத்துவிட்டு அவர் கட்டிலை உலுக்கினேன்.

"ஒரு பாட்டுக்கு இம்புட்டு வருசமா? எதைப் பாடுனேன்? உங்களை ராசா மாதிரிதான பாடுனேன்!"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு பேசினார். சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாடுனதுக்கு இல்ல. பொய் பாடுனதுக்கு."

கட்டிலை விட்டுக் கையை எடுத்தேன்.

"போடிச் சந்தையில ஒனக்கு நான் எப்ப சேலை எடுத்தேன்? ஊரே சிரிச்சாக. அவுக சிரிக்கவும்தான் எனக்கே ஒறைச்சுச்சு, ஒண்ணுமே எடுத்துக் குடுக்கலன்னு. அதுக்கப்புறம் எடுத்துக் குடுக்கலாமுன்னு ரெண்டு மூணு தடவ சந்தைக்குப் போனேன். எடுத்தா, பாட்டக் கேட்டுட்டு எடுக்கிறான்னு சொல்லுவாக. நீயும் அப்படித்தான நெனைப்ப? திரும்பி வந்துட்டேன். பேசுறதுக்கும் அதே கதைதான். இன்னைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாமுன்னு விட்டது, அப்படியே நின்னுபோச்சு."

சேலை வேண்டாம், ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. இத்தனை வருடமும் அவர் என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் வந்ததில்லை. கஞ்சியை எடுத்து ஊட்டினேன். குடித்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"நான் செத்தா நீ பாடாத."

"மக பாடலைன்னா ஊரு ஏசுமேய்யா."

"ஏசட்டும். ஏச்சு ஒனக்குப் புதுசா? நீ வாயத் தொறந்தா அந்தச் சேலையும் சந்தையும்தான் வரும். எனக்கு அது வேண்டாம் ஆத்தா. தலமாட்டுல சும்மா உக்காந்திரு. அது போதும்."

ஆத்தா என்றார். அதையும் அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நடவு தொடங்குமுன் ஒரு காலையில் அய்யா போய்விட்டார். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உறவுப் பெண்கள் வந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். அவர்கள் நிறுத்தினால் மகள் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. நான் எடுக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கையை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். வீடு அமைதியாகிவிட்டதைப் பார்த்த மைக் செட்காரர், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் கேஸட்டைப் போட்டுவிட்டார். போடிச் சந்தை போயி என்று என் குரல் தெரு முழுக்க எழுந்தது.

எழுந்து வெளியே போனேன்.

"அமத்துங்கண்ணே."

"ஒங்க பாட்டுத்தானம்மா?"

"அதனாலதான் சொல்றேன். அமத்துங்க."

அமர்த்தினார். திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தேன். அய்யாவின் தங்கை மாரில் அடித்துக்கொண்டு கூடத்துக்கே கேட்கும்படி அழுதாள்: "உசுரோட இருந்த மனுசனுக்கு ஊரு கேக்கப் பாடுனவ, செத்துக் கெடக்குற எங்கண்ணனுக்கு வாயத் தொறக்க மாட்டேங்குறாளே! இவ பொம்பளையா, கல்லா?" எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளி, "பாடுடி, ஊரு காறித் துப்புது" என்றாள். அந்த மத்தியானம் அய்யா பேசியது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நானே கட்டிய பாட்டு என்பார்கள்.

அவர் தலைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, தூக்குகிறவர்கள் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.